தொட்ட காய்

உங்கள் மேசையில் இருக்கிற காகிதக் கட்டின் ஓரம் சரியாக வெட்டப்படவில்லை, ஐயா. விரலால் தடவிப் பாருங்கள், கீழே போகப் போக ஒரு நூல் அளவு வெளியே தள்ளிக்கொண்டு வரும். கத்தி மேல் பழி போடக் கூடாது. கட்டைச் சரியாக அமுக்கிப் பிடிக்காமல் வெட்டியிருக்கிறார்கள். அமுக்காமல் வெட்டினால் கத்தி இறங்கும்போது மேல் தாள் ஒரு பக்கமும் கீழ்த் தாள் ஒரு பக்கமுமாக நழுவும். இந்த வேலையில் வயிறு வளர்த்தவன், அதனால் கண்ணில் பட்டதைச் சொன்னேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டியதில்லை.

மாப்பிள்ளை இறந்ததை நான் மறுக்கவில்லை. மாப்பிள்ளை என்றால் என் தங்கையின் கணவர். அவரை அடித்தது நான்தான், அந்த நேரத்தில் கூடத்தில் வேறு ஒருவரும் இல்லை. இதை முதலிலேயே உங்கள் ஆட்களிடம் சொல்லிவிட்டேன். என்னை யாரும் மிரட்டவில்லை. சாப்பாடு கொடுத்தார்கள், தூங்கவிட்டார்கள். நீங்கள் கேட்பது ஏன் என்று. அதற்கு ஒரே வரியில் பதில் சொன்னால் நான் ஏதோ கோபக்காரன் போலத் தெரிந்துவிடும். வரிசையாகச் சொல்கிறேன். எனக்குக் கோபம் வராது, ஐயா. கூடத்தில் விசாரித்துப் பாருங்கள், என்னை ஐஸ்கட்டி என்றுதான் கூப்பிடுவார்கள்.

கூடம் என்பது பைண்டிங் கூடம். அச்சகத்திலிருந்து பெரிய பெரிய தாள்களாக வரும். பெண்கள் மடிப்பார்கள், தைப்பார்கள். பசைக்காரர் முதுகில் பசை தடவுவார். பிறகு புத்தகங்களை அடுக்கி, அமுக்கு இயந்திரத்தின் இரண்டு இரும்புப் பலகைகளுக்கு நடுவே வைப்போம். அதன் தலையில் ஒரு திருகு இருக்கும். அதன் ஓட்டையில் இரும்புத் தடியைச் செருகிச் சுற்றினால் மேல் பலகை கீழே இறங்கும். அந்தத் தடியை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், பையில் போட்டு முத்திரை வைத்திருக்கிறீர்கள். கடைசியில் எல்லாம் என்னிடம் வரும், மூன்று பக்கமும் ஓரம் வெட்டிக் கொடுப்பேன். சதுரங்கத்தில் எதிராளியின் காயை எடுப்பதையும் வெட்டு என்றுதான் சொல்கிறோம். "இவருக்குப் பொழைப்பும் வெட்டுறது, பொழுதுபோக்கும் வெட்டுறது" என்று பசைக்காரர் கேலி செய்வார். மாப்பிள்ளை எங்கள் வேனை ஓட்டுபவர். தயாரான புத்தகங்களைக் கடைகளில் இறக்கிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குக் கூடத்துக்கே வந்துவிடுவார்.

சாப்பிட்டு முடித்ததும் நானும் அவரும் ஆடுவோம். பலகை நானே பைண்டிங் அட்டையில் கட்டம் போட்டுச் செய்தது. காய்கள் கடையில் வாங்கிய மலிவான மரக்காய்கள். மின்விசிறி சுற்றினால் போதும், சிப்பாய்கள் உருண்டு ஓடும். அதனால் ஒவ்வொரு காயின் அடியையும் குடைந்து ஈயம் உருக்கி ஊற்றினேன். அதற்கப்புறம் பலகையைத் தட்டினாலும் காய்கள் ஓர் ஆட்டம் ஆடிவிட்டு நிமிர்ந்து நின்றுகொள்ளும். கூடத்தில் ஆட்டம் கற்றுக்கொடுத்ததும் நான்தான். விதிகளில் நான் கொஞ்சம் கறார். காயைத் தொட்டால் அதைத்தான் ஆட வேண்டும். சும்மா நேராக்கி வைக்கத்தான் தொடுகிறோம் என்றால் தொடுவதற்கு முன்னாலேயே 'சரி பண்றேன்' என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். தொட்ட பிறகு சொன்னால் செல்லாது. இந்த விதி கூடத்தில் எல்லா வேலைக்கும் பரவிவிட்டது. துடைப்பத்தைத் தொட்டவர்தான் கூட்ட வேண்டும், காலிக் குடத்தைத் தொட்டவர்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும். மடிக்கிற பெண்கள்கூடக் குடத்துப் பக்கம் போகும்போது "சரி பண்றேன், சரி பண்றேன்" என்று சொல்லிக்கொண்டே போவார்கள்.

மாப்பிள்ளை தாக்கி ஆடுகிறவர் இல்லை. சீக்கிரமே கோட்டை கட்டி ராஜாவை மூலையில் உட்கார வைத்துவிட்டு, நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். நான் குதிரைகளையும் யானைகளையும் அனுப்பி அனுப்பிக் களைத்துப்போவேன். பிறகு ஒரு சிப்பாயை மெதுவாக நகர்த்திக்கொண்டு வந்து ராணியாக்கிவிடுவார். பெரும்பாலும் அவர்தான் ஜெயிப்பார். அதில் எனக்கு வருத்தமில்லை. ஒன்றே ஒன்றுதான் எனக்குப் பிடிக்காது. தோற்கிறவன் தன் ராஜாவைப் படுக்க வைத்து 'தோத்துட்டேன்' என்று சொல்வதுதான் முறை. தோற்ற நாளெல்லாம் நான் அப்படித்தான் செய்தேன். அவர் தோற்கப்போவது தெரிந்தால் "நேரமாச்சு மச்சான், லோடு ஏத்தணும்" என்று கையால் காய்களைக் கலைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். இத்தனை வருஷத்தில் அவர் எனக்கு ராஜாவைச் சாய்த்ததே இல்லை.

அவருக்கு வராத ஒன்று எனக்கு வரும். ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ஒரு சதுரங்கப் புதிர் போடுவார்கள். 'வெள்ளை ஆட வேண்டும். சிறந்த தாக்குதல் நகர்த்தல் எது?' அவ்வளவுதான் எழுதியிருக்கும். அதை வெட்டிக்கொண்டு வந்து என் இயந்திரத்துக்கு மேலே சுவரில் ஒட்டிவிடுவேன். புதிரில் எதிராளி நம்மைக் களைக்க வைக்க முடியாது. ஒரு சரியான நகர்த்தல் உண்டு, அதைக் கண்டுபிடித்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடக்கும். அதைத் தேடும்போது எனக்கு வெளியே என்ன சத்தம் போட்டாலும் காதில் விழாது. அந்தச் சுகத்தை வேறு எதிலும் நான் கண்டதில்லை, கல்யாணத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். என் மனைவியிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள்.

என் தங்கையைப் பற்றிச் சொல்கிறேன். எங்களுக்கு அப்பா அம்மா சீக்கிரமே போய்விட்டார்கள். அவளை வளர்த்தது நான். வயது வந்ததும் கூடத்தில் மடிக்கிற வேலையில் சேர்த்துவிட்டேன். அவளைப் போல மடிக்கிறவர்கள் கிடையாது. பக்கத்தில் இருப்பவர்களோடு பேசிக்கொண்டே, தாளைப் பார்க்காமலே மடிப்பாள், ஒரு மடிப்புகூடக் கோணாது. வாயும் அப்படித்தான். "எங்க அண்ணன் எதையும் நேரா செய்ய மாட்டான். செஸ் குதிரை மாதிரி, ரெண்டு கட்டம் அப்படிப் போய், ஒரு கட்டம் இப்படித் திரும்பித்தான் வருவான்" என்று என் முன்னாலேயே எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பாள். வேன் ஓட்டுபவருக்கு அவளைக் கட்டிக்கொடுத்தது என் யோசனைதான். தினமும் எதிரே உட்கார்ந்து ஆடுகிற மனிதனைப் பற்றி நமக்குத் தெரியாதது என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தேன். கல்யாணத்தன்று அவள் கையைப் பிடித்தபடி அவர் என்னைப் பார்த்து, "தொட்டாச்சு மச்சான், இனி ஆடித்தான் ஆகணும்" என்றார். கூடத்து ஆட்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன்.

முதலில் மணிக்கட்டு. வழுக்கி விழுந்ததாகச் சொன்னாள். அடுத்தது தோளில் இஸ்திரிப் பெட்டி. அதற்கு வழுக்கி விழுந்த கதை பொருந்தவில்லை, அதனால் ஒன்றும் சொல்லாமல் இருந்தாள். பிறகு முன்பல் ஒன்று போனது. அதற்கப்புறம் வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கப் பழகினாள், கொஞ்ச நாளில் சிரிப்பதையே விட்டுவிட்டாள். மாப்பிள்ளை இதை என்னிடம் மறைக்கவே இல்லை. அடித்த மறுநாள் தனியாக என்னிடம் வருவார். கண் சிவந்திருக்கும், அடித்த கை வீங்கியிருக்கும். "கை நீண்டுடுச்சு மச்சான். ஏன்னே தெரியலை. நான் மனுஷனே இல்லை" என்று அழுவார். நான் தண்ணீர் கொடுத்துப் பலகையை எடுத்து வைப்பேன். ஆடினால் அவருக்கு மனம் ஆறும். அந்த மாதிரி நாட்களில் அவர் கவனம் எங்கேயோ இருக்கும், கோட்டையை அவரே திறந்து விடுவார். அந்த நாட்களில் மட்டும்தான் நான் ஜெயிப்பேன். அப்போதும் காய்களைக் கலைத்துவிட்டுத்தான் போவார்.

அவளை ஏன் முன்னமே கூட்டிக்கொண்டு வரவில்லை என்று நீங்கள் கேட்கலாம். அவர்கள் வீட்டை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மாடியில் இவர்கள், கீழே அவருடைய அண்ணன்மார் இரண்டு பேர். இருவரும் சந்தையில் மூட்டை தூக்குகிறவர்கள். ஒருவர் இல்லாவிட்டால் இன்னொருவர் எப்போதும் வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். ஒரு முறை கேட்கப்போனேன். "புருஷன் பொண்டாட்டி விஷயத்துல உனக்கென்ன வேலை" என்று என் சட்டையைப் பிடித்துத் தெருவில் தள்ளினார்கள். ராஜா மூலையில், முன்னால் சிப்பாய்கள். அங்கே போய் முட்டுவது மோசமான ஆட்டம். நான் வாசல் வரை போய்த் திரும்பியதைத் தெருவே பார்த்தது.

இது நடந்த வாரத்துப் புதிர் கஷ்டமானது. கறுப்பு ராஜா கோட்டைக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. வெள்ளையிடம் ஒரு ராணி, ஒரு யானை, ஒரு குதிரை. குதிரையால் செக் கொடுக்கலாம், ராஜா மூலைக்கு ஒதுங்கிவிடும். அதற்கப்புறம் எதை ஆடினாலும் கறுப்பு தப்பிவிடுகிறது. வாரம் முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெள்ளிக்கிழமை, ஒரு கட்டின் ஓரத்தை வெட்டிக்கொண்டிருக்கும்போது சட்டென்று புரிந்தது. ராணியைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைப்பதுதான் தப்பு. ராணியால் ராஜாவுக்கு முன்னால் நிற்கிற ஓரச் சிப்பாயை வெட்ட வேண்டும். ராஜா அந்த ராணியை வெட்டித்தான் ஆக வேண்டும், வேறு வழியே இல்லை. வெட்டுவதற்காகக் கோட்டையை விட்டு ஓரடி வெளியே வரும். வந்த இடத்தில் திரும்பிப் போகும் கட்டத்தைக் குதிரை அடைத்துக்கொண்டிருக்கும். யானை ஓர வரிசைக்கு வரும். ஆட்டம் முடிந்தது. இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிறிது நேரம் அப்படியே நின்றேன், ஐயா. அவ்வளவு அழகாக இருந்தது.

அன்று சாயங்காலம்தான் தங்கை கூடத்துக்கு வந்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அங்கே வந்ததில்லை. மேலே ஏறி வரவில்லை, மாடிப்படிக்குக் கீழேயே நின்று என்னைக் கூப்பிட்டனுப்பினாள்.

"அண்ணா, உங்க வீட்ல வந்து இருக்கட்டுமா? கொஞ்ச நாளைக்குத்தான். அப்புறம் எங்கயாவது வேலை பாத்துக்கிட்டுப் போயிடுறேன்" என்றாள்.

"என்ன இது, கேட்டுக்கிட்டு? எப்ப வர்றே?"

"ஞாயித்துக்கிழமை காலைல. அவங்க அண்ணனுங்க சந்தைக்குப் போயிடுவாங்க, இவரு தூங்கிட்டு இருப்பாரு. துணியெல்லாம் ஒரு பையில எடுத்து வச்சிருக்கேன். பரண்ல, பழைய மெத்தைக்குப் பின்னாடி. யார்கிட்டயும் சொல்லலை, உன்கிட்டதான் சொல்றேன். இன்னிக்கே வந்துடவான்னுகூட இருக்கு, அண்ணா. இப்படியே வந்துடட்டுமா?"

இன்றைக்கு வேண்டாம், ஞாயிற்றுக்கிழமையே வா என்றேன். தலையை ஆட்டினாள். படியில் கிடந்த ஒரு தாளை எடுத்துப் பழக்க தோஷத்தில் மடித்து, என் சட்டைப் பையில் செருகிவிட்டுப் போனாள்.

வீட்டில் சொன்னபோது என் மனைவி எழுந்து போய் உள்ளறையில் மெத்தையை விரித்துவிட்டாள். "ஞாயித்துக்கிழமை வரைக்கும் எதுக்குங்க? இப்பவே போய்க் கூட்டிட்டு வாங்க. இல்லைன்னா நான் போறேன்" என்றாள். பொறு என்று சொன்னேன்.

இதைத்தான் சதுரங்கத்தில் அமைதியான நகர்த்தல் என்பார்கள். செக் கிடையாது, வெட்டு கிடையாது. அவள் பையைத் தூக்கிக்கொண்டு நாலு தெரு தாண்டி என் வீட்டுக்கு வந்துவிடுவாள். நல்லதுதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், ராஜா கோட்டைக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கும். நாளைக்கே அண்ணன்மாரோடு என் வாசலில் வந்து நிற்கும். அவள் மீது ஒரு கீறல்கூட இல்லாத நேரத்தில் நான் அவர் மேல் கை வைத்தால் ஊர் என்னைத்தான் ரவுடி என்னும். இதையெல்லாம் வெள்ளிக்கிழமை படுத்துக்கொண்டே யோசித்தேன். அவள் நன்மைக்காகத்தான் யோசித்தேன். அமைதியான நகர்த்தல் சிறந்த தாக்குதல் நகர்த்தல் ஆகாது.

சனிக்கிழமை மதியம் மாப்பிள்ளை சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டு வந்தார். பலகையை எடுத்து வைத்தபடியே, "தங்கச்சி எங்கயாவது ஊருக்குப் போறாளா மாப்பிள்ளை? பரண்ல பை கட்டி வச்சிருக்காளாமே" என்றேன்.

அவர் வேன் சாவியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அன்று ஆடவும் இல்லை.

அன்று சாயங்காலம் அவர்கள் வீட்டுக்கு எதிரே இருக்கிற தேநீர்க் கடையில் உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து மாடி ஜன்னல் நன்றாகத் தெரியும். முதலில் பரணிலிருந்து மெத்தை விழுகிற சத்தம் கேட்டது. பிறகு அவருடைய குரல். பிறகு அவள் குரல். ஒரு தடவை "அண்ணா" என்று கூப்பிட்டாள். நான் அங்கே இருப்பது அவளுக்குத் தெரியாது, வலி வந்தால் அவள் சின்ன வயதிலிருந்தே அம்மா என்று கத்த மாட்டாள், அண்ணா என்றுதான் கத்துவாள். கடைக்காரர் என்னைப் பார்த்து, "போய்ப் பாருங்க சார், உங்க தங்கச்சிதானே" என்றார். நான் தம்ளரைக் கீழே வைக்கவில்லை. ராணியைக் கொடுத்துவிட்ட பிறகு பாதியில் கை நீட்டித் திரும்ப எடுக்க முடியாது. அக்கம்பக்கத்துக்காரர்கள் தெருவில் கூடினார்கள். நல்லதுதான் என்று நினைத்தேன், எல்லோரும் பார்க்கட்டும். ஏதோ மரச்சாமான் உடைந்தது. அதற்கப்புறம் அவள் குரல் கேட்கவில்லை.

அண்ணன்மார் இருவரும் மேலே ஓடினார்கள். அவளைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். தாடை ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது, தலைமுடி இரத்தத்தில் நனைந்து கயிறாகத் தொங்கியது. ஒரு கால் செருப்போடு இருந்தது, இன்னொன்றில் செருப்பு இல்லை. ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அடித்தவர் தம்பி என்றாலும் அடிபட்டவள் செத்துவிட்டால் தாங்களும் மாட்டிக்கொள்வோம் என்ற பயம் அவர்களுக்கு. இரண்டு பேரும் அங்கேயே கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்துவிட்டார்கள். வாசற்படி காலியானது. என் மனைவி அழுதுகொண்டே மருத்துவமனைக்கு ஓடினாள். "நீங்க வரலையா?" என்று கேட்டாள். எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை இருக்கிறது என்றேன். அது பொய் இல்லை, இயந்திரத்துக்குக் கத்தி மாற்றுவது ஞாயிற்றுக்கிழமையில்தான், அதற்காகக் கூடத்தின் சாவி என்னிடமே இருக்கும்.

அவர் வருவார் என்று எனக்குத் தெரியும். எப்போதும் மறுநாள் வருகிறவர்தானே. காலையில் பலகையை விரித்து அந்த வாரத்துப் புதிரை அடுக்கி வைத்தேன். குதிரையின் செக்கையும் ராணியின் வெட்டையும் நானே ஆடி, ராணியை எடுத்து வெளியே வைத்து, கறுப்பு ராஜாவை ஓரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். யானையை மட்டும் நகர்த்தவில்லை. அவர் வந்து எதிரே உட்கார்ந்தார். தூங்கவே இல்லை போலிருக்கிறது, சட்டையில் அவளுடைய இரத்தம் காய்ந்து ஒட்டியிருந்தது. கீழே குனிந்து பலகையைப் பார்த்தார். இரும்புத் தடி என் வலது கைப்பக்கம் அமுக்கு இயந்திரத்தில் சாத்தியிருந்தது. அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாம் என்றுதான் கையை நீட்டினேன். கை தடியைத் தொட்டது. 'சரி பண்றேன்' என்று முன்னால் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை. தொட்டால் ஆட வேண்டும் என்பதை நான் வாழ்நாள் முழுக்கக் கடைப்பிடித்தவன்.

முதல் அடி காதுக்கு மேலே விழுந்தது. நனைந்த அட்டைக் கட்டு தரையில் விழுகிற மாதிரி ஒரு சத்தம். அவர் எழுந்திருக்கப் பார்த்தார், முழங்கால் மடிந்துவிட்டது. இரண்டாவது அடியில் கண் ஒன்று போனது, அதை நான் குறிவைக்கவில்லை, அவர் திரும்பியதால் அப்படி ஆனது. "மச்சான்" என்றார். அதற்கப்புறமும் அடித்தேன், எத்தனை என்று உங்கள் மருத்துவர் சொல்வார். பிறகு அவருடைய வலது கையை எடுத்து, வீங்கிய அதே கையை, இரும்புப் பலகைகளுக்கு நடுவே வைத்தேன். தடியைத் துடைத்துத் திருகில் செருகி, எதிர்ப்பு நிற்கும் வரை சுற்றினேன். அப்போது அவருக்கு உயிர் இருந்ததா என்று கேட்டீர்கள். நான் கவனிக்கவில்லை. விரல்கள் ஒருமுறை விரிந்தன. அது உயிர்தானா அழுத்தமா என்று எனக்குத் தெரியாது. அதன் பிறகு கைகளைக் கழுவிவிட்டு உங்கள் நிலையத்துக்கு நானே போன் செய்தேன். ஓடி ஒளிய எனக்கு ஒன்றுமில்லை. தங்கைக்காகச் செய்தது, எந்த அண்ணனும் செய்வதுதான்.

இவ்வளவுதான் சொல்ல நினைத்தேன். நீங்கள் இரண்டு விஷயம் கேட்கிறீர்கள்.

முதலாவது, தங்கை கேட்டனுப்பியது. தாடைக்குக் கம்பி போட்டிருக்கிறார்கள், பேச முடியவில்லை, என் மனைவியின் உள்ளங்கையில் விரலால் எழுத்து எழுத்தாக எழுதிக் கேட்டிருக்கிறாள், பையைப் பற்றி அவரிடம் யார் சொன்னது என்று. அவள் அதைக் கேட்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அவள் கெட்டிக்காரி, தாளைப் பார்க்காமலே மடிக்கிறவள், விடையும் அவளுக்குத் தெரிந்திருக்கும். சொன்னது நான்தான் என்று சொல்லிவிடுங்கள். இதையும் சொல்லுங்கள், அவளைக் கொடுத்ததால்தான் ராஜா வெளியே வந்தது. என் மனைவி அதற்கப்புறம் உள்ளறை மெத்தையைச் சுருட்டி வைத்துவிட்டு, மருத்துவமனையிலேயே தங்கிக்கொண்டாள் என்கிறீர்கள். அங்கே பார்த்துக்கொள்ள ஒருத்தர் வேண்டும்தானே.

இரண்டாவது, இந்தப் புகைப்படம். உங்கள் ஆள் நன்றாகத்தான் எடுத்திருக்கிறார், கட்டங்கள்கூடத் தெளிவாகத் தெரிகின்றன. எல்லாக் காய்களும் நிற்கின்றன, வெள்ளை யானை தன் பழைய கட்டத்திலேயே நிற்கிறது, கறுப்பு ராஜா மட்டும் படுத்திருக்கிறது என்கிறீர்கள். அடிதடியில் விழுந்திருக்கும் என்று நான் சொல்லலாம். ஆனால் அடியில் ஈயம் ஊற்றியதை நானே உங்களிடம் சொல்லிவிட்டேன், ஒருவர் கையால் எடுத்துப் படுக்க வைத்தால்தான் அது படுக்கும். நீங்களும் ஆடுகிறவர் என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

சரி. அவர் குனிந்து பலகையைப் பார்த்தார் என்று சொன்னேன் அல்லவா. வெகுநேரம் பார்த்தார். பிறகு வீங்கிய கையால் ராஜாவை எடுத்து மெதுவாகப் படுக்க வைத்தார். "தோத்துட்டேன் மச்சான்" என்றார். "அவ உயிரோட வந்தா கூட்டிட்டுப் போங்க, நான் குறுக்க வர மாட்டேன். அண்ணனுங்ககிட்டயும் சொல்லிட்டேன். இப்ப என்னை ஸ்டேஷன்ல கொண்டுபோய் விடுங்க, தனியாப் போகக் காலு வரலை." காய்களைக் கலைக்கவில்லை. அப்படியே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தடியைத் தொட்டது அதற்கப்புறம்தான். ராஜாவைச் சாய்த்துவிட்டால் ஆட்டம் முடிந்தது, அதன் பிறகு தொட்ட காய் என்று ஒன்று கிடையாது. கூடத்தில் எல்லோருக்கும் அந்த விதியைச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அப்புறம் ஏன் அடித்தாய் என்று கேட்கிறீர்கள். தங்கைக்காக என்று எழுதியிருப்பதை வேண்டுமானால் அடித்துவிடுங்கள். வாரம் முழுக்க உட்கார்ந்து நான் கண்டுபிடித்தது, ஐயா. ராணியையும் கொடுத்தாயிற்று. கடைசி நகர்த்தலை ஆடாமல் எப்படி எழுந்து வருவது?